மாரிமுத்துவுக்கு வேட்டி வைக்காத வீடு

பதுளை ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் காரியமாகக் கைப்பையைத் திறந்து தகர டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது காரியமாக, என்னை வரவேற்க மாலையோடு நின்ற மனிதரைச் சந்தேகப்பட்டேன்.

அதற்காக யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. திருச்சிப் பக்கம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிவாகச் சிரித்து, 'உக்காருங்கம்மா' என்று இடம் விடுகிறவனிடம் டிக்கெட் இருக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவனிடம் இருக்கும். இது சர்வீஸில் கற்ற பாடம். மாலையோடு நின்ற தியாகராஜன் முதலாளி மிகவும் பணிவாகச் சிரித்தார்.

வந்த வேலை இதுதான். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். இளவயதில் அவரோடு ஒரே முகாமில் இருந்தவர் மாரிமுத்து. வடக்கே பனிமலை எல்லையில், காய்ச்சலில் கிடந்த இவருக்குப் பதிலாகக் காவலுக்குப் போய், பனிச்சரிவில் புதைந்து போனார். அன்றைக்கு இவர் போயிருந்தால் எனக்கு வேறு எங்கோ கல்யாணம் ஆகியிருக்கும்.

மாரிமுத்து பிறந்தது இந்தப் பதுளைப் பக்கம், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்து ஜனங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறி வந்த பையன். அப்பா, அம்மா, தங்கை எல்லாரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் இறந்த பிறகு வந்த பதக்கம் சித்தப்பா வீட்டில் இருந்தது. சித்தி சாகும் முன்னால் அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, இது அவன் தங்கச்சிக்குச் சேர வேண்டியது, சிலோனுக்கு எல்லா விவரமும் எழுதிப் போட்டாச்சு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

தங்கை எங்கே இருக்கிறாள் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த தியாகராஜன், பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், விவரம் கேட்டுக்கொண்டு போய் மூன்றே மாதத்தில் தங்கையைக் கண்டுபிடித்துவிட்டதாகப் போன் செய்தார். இத்தனை வருடம் கிடைக்காதது மூன்று மாதத்தில் கிடைத்ததுதான் எனக்கு உதைத்தது. என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் தோன்றாது. அவருக்கு முழங்கால் போய்விட்டது, மலை ஏற முடியாது. "நன்றியத் தபால்ல அனுப்பக் கூடாது, நீ போ" என்று என்னை அனுப்பிவிட்டார். முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு பொன்னாடையும் தந்தார்கள். பதக்கத்தை யாரிடம் கொடுப்பது என்பதை நானே தீர்மானித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கிளம்பினேன். பொய்த் தங்கை கையில் கொடுத்துவிட்டால் செத்தவருக்குச் செய்கிற துரோகம்.

காரில் போகும்போதே முதலாளி மெடலைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றார். பெட்டிக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் விழா, மேளம், பேனர் எல்லாம் ஏற்பாடு என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, இவருக்குத் தேர்தலில் நிற்கும் யோசனை இருக்க வேண்டும்.

டீ குடிக்க ஒரு கடைக்கு அழைத்துப் போனார். நாங்கள் எதுவும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ் என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான் பரிமாறுகிறவன். நான் தொடவில்லை. தொட்டால் தட்டு முழுவதற்கும் பில் வரும். முதலாளி ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டார். எழுந்தபோது அந்த ஒரு வடைக்கு மட்டும் காசு வாங்கினார்கள். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசாம். அப்படியானால் மிச்சத் தட்டு அடுத்த மேசைக்குத்தானே போகும், எத்தனை மேசை சுற்றி நம்மிடம் வந்ததோ என்று எனக்கு அடுத்த சந்தேகம். நல்ல பசியோடு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலையில், வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று முதலாளியின் மனைவி ராஜேஸ்வரியிடம் சொல்லிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சோதனை என்பது சொல்லாமல் போவதுதான். முதலாளி சொல்லிக் கொடுக்கும் முன்னால் அந்தத் தங்கையை நான் பார்த்துவிட வேண்டும்.

ஹாலிஎல பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அது புத்த சாமியார்களுக்கு ஒதுக்கிய சீட் என்று கண்டக்டர் சிங்களத்தில் சொல்லி, எனக்குப் புரியாமல் போய், பின்னால் இருந்த ஒரு தோட்டத்துப் பெண் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். காது கிழிகிற பாட்டு. நம் ஊர் மினி பஸ் இதற்குத் தங்கை முறை.

வழியில் ஒரு சந்தியில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய் சிலை. அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். அந்த நிறுத்தத்தில் செயற்கைக் கால் போட்ட ஒருவர் ஏறினார். ஏறியதும் பஸ்ஸில் ஒரு அசைவு. சிங்களக்காரர் ஒருவர் எழுந்தார், என் பக்கத்துப் பெண்ணும் எழுந்துவிட்டாள். முன்னாள் ஆமிக்காரர் என்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் என் வீட்டுக்காரர் வருடா வருடம் உயிரோடிருப்பதை நிரூபிக்க பாங்கில் அரைநாள் நிற்பார், ஒருத்தர் எழுந்ததில்லை. கொடிநாளுக்கு மட்டும் சட்டையில் ஒரு கொடி குத்துவார்கள். ஆனால் தமிழ்ப் பெண் ஒருத்தி இங்கே ஆமிக்காரருக்கு எழுந்து நிற்பது மரியாதையா, பயமா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. குனிந்து அவளிடமே கேட்டேன்.

"ரெண்டும் இல்லைங்க. அவருக்கு ஒரு காலு இல்ல. எனக்கு ரெண்டு இருக்கு" என்றாள்.

ஹாலிஎலையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பாதி மலையில் ஆட்டோ மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் இன்ஜினைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காசைக் கூட்டிக் கேட்கப் போடும் நாடகம் என்று முடிவு செய்து, மீதி வழியை நடந்தே ஏறினேன். பின்னால் அவர் நிஜமாகவே கையெல்லாம் எண்ணெயோடு தள்ளிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தேயிலைக்கு நடுவே நீளமாகத் தகரக்கூரை லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் பதில் வரும். கோயில் வளைவில் முதலாளியின் பேனர் அதற்குள் ஏறியிருந்தது. 'இராணுவ வீரர் மாரிமுத்து குடும்பத்தாருக்குக் கௌரவ விழா.' அதற்குக் கீழே பெரிதாக முதலாளியின் கடைப் பெயர். நான் நினைத்தது சரிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

செல்லம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எழுபதை நெருங்கிய, மெலிந்த, கண் கூர்மையான பெண். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், நான் ஏறி வந்த பாதையைப் பார்த்தாள்.

"நீங்க மட்டுந்தான் வந்தீங்களா?"

ஆமாம் என்றேன். மறுபடியும் பாதையைப் பார்த்தாள். தனியாகத்தான் வந்திருக்கிறேனா என்று சரிபார்க்கிறாள் என்று நினைத்து, பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். மாரிமுத்துவும் என் வீட்டுக்காரரும் சாதாரணச் சட்டையில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று பையில் இருந்தது. அதைக் காட்டவில்லை. காட்டிவிட்டுக் கேட்டால் யார்தான் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள்? பட்டாளத்தில் இருந்த மாரிமுத்து உங்கள் அண்ணன்தானா என்று மட்டும் கேட்டேன். அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் நீண்டிருந்தன.

"பட்டாளத்துல எங்க வூட்டுல யாரும் இருந்ததில்லைங்க. எங்கண்ணன் கோயம்புத்தூர்ல மில்லுல வேல செஞ்சு செத்துப்போனாரு. அந்தக் கோயில் பேனரக் கழட்டச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். ஆனாலும் கருப்பட்டித் துண்டோடு ஒரு பிளேன்டீ வெளியே வந்தது. டீ ரொம்ப நன்றாக இருந்ததால் அதையும் சந்தேகப்பட்டேன்.

திரும்பும்போது குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். செல்லம்மாவுக்கு அண்ணன் இருந்தது நிஜமா என்று கேட்டேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அண்ணன் மில்லில் செத்துவிட்டார் என்று செல்லம்மா சொல்வது உண்டு. ஆனால் தீபாவளிக்குச் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது அவளுடைய அய்யாவுக்கும் புருஷனுக்கும் வேட்டி இருக்கும், ஆத்தாவுக்குச் சேலை இருக்கும், அண்ணனுக்கு மட்டும் எதுவும் இருக்காது. எத்தனையோ வருடமாக இப்படித்தானாம்.

எனக்குப் போதும். எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வேட்டி, ஒரே புடவைதான் வைப்போம். இங்கே ஆளுக்கு ஒன்று வைக்கிறார்கள், அதிலும் அண்ணனுக்கு இல்லை. இல்லாத அண்ணனுக்கு எப்படி வைப்பாள்? முதலாளி யாரையோ பிடித்துத் தங்கை ஆக்கியிருக்கிறார், அவளுக்கோ சொல்லிக் கொடுத்தது மறந்துவிட்டது. பதக்கத்தைத் திரும்பக் கொண்டுபோய்விடுவது என்று பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே முதலாளியிடம் இதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னது தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாரிமுத்து பட்டாளத்தில் சேர்ந்ததும் உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பிறகு இங்கே கலவரக் காலம் வந்தது. லயத்தில் தேடுதல் நடத்த வந்த ஆமிக்காரர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டார்கள்.

"தமிழ்ப் பையன் உடுப்பு போட்டு நின்னா அந்த நேரத்துல ஒரே அர்த்தந்தாங்கக்கா. இது இந்தியாப் பட்டாளம்னு அவங்க சொன்னத யாரும் கேக்கல. செல்லம்மா புருசன இழுத்துட்டுப் போனாங்க. மாசக்கணக்கா வரல. வந்தப்புறம் அந்த மனுசன் நிமுந்து நடந்து நான் பாத்ததில்ல."

போட்டோவை அடுப்பில் போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அண்ணன் மில் தொழிலாளி, செத்துவிட்டார். ஒரு தரம் ஆமிக்காரர்களிடம் சொன்ன சொல்லைப் பிறகு மாற்ற முடியாது. இவ்வளவும் தெரிந்தும் ஏன் பேனர் கட்டினீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது பெருமையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். உடனே போன் போட்டு பேனரை இறக்கச் சொன்னார். தேர்தல் எதுவும் இல்லை. பத்து ரூபாய்த் துணிக்குக்கூட விளம்பரம் செய்தே பழகிய மனிதர், அவ்வளவுதான்.

ஆனால் வேட்டி விஷயம் எனக்கு இன்னும் பொருந்தவில்லை. செத்துவிட்டார் என்று ஊருக்காகச் சொல்கிறவள், அதே ஊருக்காக ஒரு வேட்டியும் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே.

அன்று பகல் கடையில் ராஜேஸ்வரிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது, நல்ல கூட்டம். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் வேட்டி எடுத்தாள். நாலைந்தைத் தள்ளிவிட்டாள். "அவருக்குக் கரை பெருசா இருந்தா புடிக்காது" என்றாள். சட்டை வேண்டாமா என்று நான் கேட்டேன். அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது, சட்டை போடும் பழக்கமே இல்லை என்றாள் சாதாரணமாக.

அவள் போன பிறகு ராஜேஸ்வரியிடம் செல்லம்மாவைப் பற்றிக் கேட்டேன். இங்கேதான் வருடா வருடம் எடுப்பாளாம். அய்யாவுக்கு, ஆத்தாவுக்கு, புருஷனுக்கு. அண்ணனுக்கு எடுக்கச் சொல்லி ராஜேஸ்வரியே ஒரு தடவை சொன்னாளாம், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்றேன். ராஜேஸ்வரி மடித்துக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கிறவங்களுக்கு வைக்கக் கூடாதேக்கா."

அப்போதுதான் எனக்குப் பொருந்தியது. சித்தி எழுதிப் போட்டதாகச் சொன்ன கடிதம் இந்த மலைக்கு வந்து சேரவே இல்லை. முதலாளி ஆள் அனுப்பி, அண்ணன் மாரிமுத்து இந்தியா போனவர்தானே, அவருக்கு மரியாதை செய்ய இந்தியாவிலிருந்து வருகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். செத்த செய்தி அவளுக்குத் தெரியும் என்று நாங்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டோம். அவள் என் தோளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாளே, அது அண்ணன் ஏறி வருகிறாரா என்று பார்த்தது. அந்தக் கண்ணைத்தான் நான் திருட்டுக் கண் என்று நினைத்தேன். பொன்னாடையும் பதக்கமும் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, நான் நிஜத்தில் சாவுச் செய்தியைச் சுமந்து வந்திருக்கிறேன்.

நான்காம் நாள் ராஜேஸ்வரியும் நானும் போனோம். பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு முடிந்து ஆட்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்ட நேரம், லயம் காலியாக இருந்தது. அப்படிப் பார்த்துப் போகலாம் என்று சொன்னது ராஜேஸ்வரி. கோயில் வளைவில் பேனர் இல்லை. செல்லம்மா அதைக் கவனித்திருந்தாள், உள்ளே கூப்பிட்டாள்.

முதலில் போட்டோவைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். சுற்றிக் கண் ஓட்டினாள், பிறகு மறுபடி பார்த்தாள். எங்கய்யா மூக்கு என்றாள். பக்கத்தில் நிற்பது என் வீட்டுக்காரர் என்றேன். தலையாட்டினாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

சர்வீஸில் எத்தனையோ பேரை நடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறேன். இது அந்தக் கணக்கில் வராது. எப்படியோ சொன்னேன். காய்ச்சல், காவல், பனி எல்லாவற்றையும் சொன்னேன். என் புருஷன் உயிரோடு இருப்பதும், எனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் உங்கள் அண்ணன் கொடுத்தது என்றேன். நன்றி என்ற சொல்லைத் திருச்சியிலிருந்து தூக்கி வந்திருந்தேன். சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. காரியம் யார் செய்தார்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் மொட்டை போட்டுக் காவிரிப் படித்துறையில் செய்தார் என்றேன். அது எந்த வருடம் என்று கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் முகம் உடைந்தது.

"இத்தனை தீவாளிக்கும் அவரப் பட்டினி போட்டுட்டேனே அண்ணி."

ராஜேஸ்வரி அவளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருடம் எல்லாருக்கும் இலை போட்டு, ஒருத்தருக்கு மட்டும் போடாமல் விட்டதையே சொல்லிச் சொல்லி அழுதாள். உயிரோடு இருக்கிறவருக்குப் போடக் கூடாது என்றுதானே விட்டாய் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம். அது அவள் காதில் ஏறவில்லை.

பொன்னாடையைப் போர்த்தினேன். தகர டப்பாவைத் திறந்து பதக்கத்தைக் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வூட்டுல இருந்தா ஒண்ணும் ஆகாதுங்களே?"

காலம் மாறிவிட்டது, ஒன்றும் ஆகாது என்றாள் ராஜேஸ்வரி. செல்லம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். நான் தட்டு நிறைய வடையைப் பார்த்த பார்வை அது. அவளுக்காவது அதற்குக் காரணம் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று என்னாலும் உறுதி சொல்ல முடியவில்லை. பதக்கத்தை டப்பாவில் போட்டு மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். காரியம் பண்ணுன வீட்டுலயே இருக்கட்டும் அண்ணி என்றாள். ராஜேஸ்வரி கடையிலிருந்து ஒரு வேட்டி அனுப்புவதாகச் சொன்னதற்கு மட்டும் கோபம் வந்தது. அண்ணனுக்குத் தானே வந்து எடுப்பாளாம்.

கிளம்பும்போது, போட்டோவில் கூட நிற்கிற அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டாள். லயத்தில் சிக்னல் இல்லை. மூவரும் கோயில் மேட்டுக்கு ஏறினோம். நான் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். பேச்சுக்குத் தயார் செய்துகொள்கிறார் என்று தெரிந்தது. வீரம், தியாகம் என்று சங்கக் கூட்டத்தில் பேசுகிற பேச்சு. அவர் ஆரம்பிக்கும் முன்னால் செல்லம்மா கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு எங்கண்ணன் சாப்புட்டுட்டுத்தான் போனாருங்களா?"

செருமல் நின்றுவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வயிறு நெறைய சாப்பிட்டான்மா. காய்ச்சல்ல எனக்கு எறங்கல. என் பங்கு சப்பாத்தியையும் அவன்தான் சாப்பிட்டான்."

செல்லம்மா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். சரிங்கண்ணே, சரிங்கண்ணே என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பனிமுகாம் கதையை இவர் வாயால் நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். பாதை அடைத்துச் சாமான் மேலே வராமல், இரண்டு நாளாக முகாமில் வெறும் தேநீர்தான் இருந்தது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அதில் சப்பாத்தி ஒருநாளும் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகிவிட்டது, அதைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை.